பாரிசவாதத்தில் படுத்த அப்பா: மாதச் செலவும் அரச உதவியும், திருகோணமலையில் எங்கே தொடங்குவது?

உப்புவெளி_வடக்கு எழுதியது:

வணக்கம். அப்பாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 66. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறினாலும் ஆட்களை நன்றாக மட்டுப்பிடிப்பார், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்வார், வலக்கையால் கையெழுத்தும் வைப்பார். விழுங்க முடியாததால் மூக்குக் குழாயால்தான் சாப்பாடு. மாவட்டப் பொது ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. இனி நெடுங்காலம் இப்படித்தான் இருக்கும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா தனியார் வேலை, பென்சன் கிடையாது. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு 20 இலட்சம் அவர் பெயரில் நிலையான வைப்பில் இருக்கிறது. வீடு அம்மாவின் பெயரில், சீதன உறுதி. நானும் மனைவியும் பிள்ளையும் அதே வீட்டில்தான் இருக்கிறோம், நான் தனியார் கம்பனியில் சம்பளத்துக்கு வேலை. அண்ணா வெளிநாட்டில், இடைக்கிடை காசு அனுப்புவார். வறிய குடும்பங்களுக்கான அரச கொடுப்பனவான அஸ்வெசுமவுக்குப் போட்டு நிராகரித்துவிட்டார்கள்.

தெரிய வேண்டியது மூன்று. எந்த உதவிக்கு, எந்த உத்தியோகத்தரிடம், எந்த ஒழுங்கில் போவது? மாதச் செலவை எப்படிக் கணக்கிட்டு, 20 இலட்சம் எத்தனை வருடம் தாங்கும் என்று பார்ப்பது? அம்மாவின் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு எழுதிவிட்டால் அரச உதவி இலகுவாகக் கிடைக்கும் என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியா?

கச்சேரியடி எழுதியது:

வீட்டில் வைத்துப் பார்க்கும் நோயாளிக்கு ஆள் கூலியோ பம்பர்ஸ் காசோ தருகிற அரச திட்டம் எதுவும் இலங்கையில் இல்லை. ஆஸ்பத்திரியும் கிளினிக்கும் இலவசம், அதுதான் நமக்குள்ள பெரிய உதவி. மற்றதெல்லாம் சிறு சிறு கொடுப்பனவுகள். ஒவ்வொன்றுக்கும் வேறு படிவம், வேறு மேசை. எல்லாம் சேர்ந்தாலும் செலவில் ஒரு பங்கைத்தான் மூடும். அதற்காக விட்டுவிடவும் கூடாது. வருடக் கணக்கில் வருகிற காசு அது.

அஸ்வெசும ஏன் நிராகரிக்கப்பட்டது என்றால், அது ஆளைப் பார்ப்பதில்லை, குடும்பத்தைப் பார்க்கிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற 6 பிரிவுகளில் 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளி போட்டுத்தான் தெரிவு செய்கிறார்கள். உங்கள் சம்பளம், வாகனம் இருந்தால் வாகனம், மின்சாரப் பாவனை எல்லாம் அப்பாவின் தலையில்தான் ஏறும், ஒரே வீடு, ஒரே அடுப்பு என்பதால். மின்சாரப் பாவனையைக் கவனியுங்கள்: காற்று மெத்தை, இரவு முழுக்க மின்விசிறி, தினம் துணி துவைக்கும் மெஷின் என்று அலகுகள் கூடும். நோயாளியால் வந்த பாவனை என்பதை மேன்முறையீட்டில் எழுத்தில் சொல்லி, டயக்னோசிஸ் கார்ட் (ஆஸ்பத்திரியில் தந்த நோய் விவர அட்டை) பிரதியை இணையுங்கள். கள விசாரணைக்கு வருகிறவரிடமும் நோயாளியை நேரில் காட்டுங்கள்.

தெரிவானால் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா வரையும் வறிய குடும்பத்துக்கு 10,000 வரையும் கிடைக்கும். உங்கள் நிலையில் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். உதவிக்காக ஒரே வீட்டைப் பொய்யாக இரண்டு குடும்பமாகக் காட்டவும் வேண்டாம். அயலார் ஆட்சேபனை போட்டால் வாங்கியதும் சிக்கலாகும். பெற்றோர் உண்மையிலேயே தனியாகச் சமைத்து, தனிச் செலவில் இருப்பவர்கள் என்றால் கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பதிவில் அது முதலிலேயே திருந்த வேண்டும்.

நீங்கள் குறி வைக்க வேண்டியது மாற்றுத்திறனாளி கொடுப்பனவு. 2025 ஏப்ரலில் அது 7,500இல் இருந்து 10,000 ரூபா ஆனது. முதியோர் கொடுப்பனவு 70 வயது கடந்த, குறைந்த வருமானக்காரருக்கு. அது 3,000இல் இருந்து 5,000 ஆனது. அப்பா வயதால் இரண்டாவதற்கும் பொருந்துகிறார், ஆனால் கூடிய தொகைக்குத்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் வருமானம் பார்ப்பார்கள். அதனால் ‘நோயாளியின் சொந்த வருமானம், பராமரிப்புச் செலவு’ என்று ஒரு தாளில் மாதக் கணக்கை எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

போகும் ஒழுங்கு இது. முதலில் உங்கள் பிரிவு கிராம உத்தியோகத்தர்: வதிவிட, வருமானச் சான்று. பிறகு பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர்: மாற்றுத்திறனாளிப் படிவமும் மருத்துவ அறிக்கைப் படிவமும் அவரிடம்தான். அதே செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முதியோர் அடையாள அட்டை, 60 கடந்த எவருக்கும் உண்டு. வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வரிசையில் முன்னுரிமை கேட்க உதவும். களக் கடமைக்குப் போகாமல் உத்தியோகத்தர்கள் மேசையில் இருக்கும் பொதுமக்கள் தினத்தில் போனால் மூன்றும் ஒரே நாளில் முடியும்.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் இரண்டு போட்டோக்கொப்பி. அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் இருந்தால் காசு வரும் கட்டத்தில்தான் தடக்கும். இப்போதே ஒத்துப் பாருங்கள். அப்பா பெயரில் தனிக் கணக்கு இருப்பது நல்லது.

அதிகம் பிழைப்பது மருத்துவ அறிக்கையில். ‘பாரிசவாத நோயாளி’ என்று ஒரு வரி எழுதி வாங்கி வந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். எது முடியாது என்பது வர வேண்டும்: எழும்பி இருக்க, நடக்க, உண்ண, மலசலம் கழிக்க மற்றவர் துணை வேண்டும், நிலை நிரந்தரம், இடப்பக்கம் செயலிழப்பு, மூக்குக் குழாய் உணவு என்று. கேட்டால் டொக்டர்கள் எழுதுவார்கள், அவர்களுக்கு அந்தப் படிவத்தின் தேவை தெரிய வேண்டும், அவ்வளவுதான். கிளினிக் நாளுக்கு முன்னரே படிவத்தை எடுத்து வைத்திருந்தால் ஒரே வாகனச் செலவில் இரண்டும் முடியும். 1990 அம்புலன்ஸ் இலவசம்தான், ஆனால் அவசரத்துக்கு மட்டும். கிளினிக் போக அதை நம்ப வேண்டாம்.

சமூக சேவை உத்தியோகத்தரிடமே சக்கர நாற்காலிக்கும் எழுதிக் கொடுங்கள். டொக்டரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். வாசல் சரிவு, மலசலகூடத் திருத்தத்துக்கும் உதவி இருக்கிறதா என்று அதே மேசையில் கேளுங்கள். வரும்வரை காலம் எடுக்கும், அதனால் விண்ணப்பத்தை முதல் வாரத்திலேயே போடுவது முக்கியம். ஜனாதிபதி நிதியம் சத்திரசிகிச்சை போன்ற பெரிய வைத்தியச் செலவுக்கு. வீட்டுப் பராமரிப்புக்குக் கிடையாது. தேவைப்பட்டால் 2025 பெப்ரவரியில் இருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

பாலையூற்று_அக்கா எழுதியது:

செலவுக் கணக்குக்கு வருகிறேன். ரூபாவில் தொடங்காமல் எண்ணிக்கையில் தொடங்குங்கள். விலை மாதத்துக்கு மாதம் மாறும், எண்ணிக்கை அவ்வளவு மாறாது. எண்ணிக்கையை ஒரு தடவை எழுதிவிட்டால் விலையை மட்டும் மாற்றிப் போடலாம்.

பம்பர்ஸ் நாளுக்கு 4 என்றால் மாதம் 120. பகலில் பழைய சாரத் துணியும் அடியில் ரப்பர் விரிப்பும், இரவில் மட்டும் பம்பர்ஸ் என்றால் 30 முதல் 45 வரை போதும். நம்மூர் வெக்கைக்குத் தோலுக்கும் அதுதான் நல்லது, ஈரத்தில் ஊறினால் இடுப்பு மடிப்பு புண்ணாகிவிடும். ஆண் நோயாளிக்குப் பகலில் வெளியே உறை போல மாட்டும் சிறுநீர்ப் பை போடலாம்; சலக்குழாய் உள்ளே போடுவதைவிடக் கிருமித் தொற்று குறைவு. உள்ளே போட வேண்டி வந்தால் சாதாரண ரப்பர் குழாய் 2 முதல் 4 வாரத்தில் மாற்ற வேண்டும், சிலிக்கன் குழாய் 12 வாரம் வரை தாங்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் படக் கூடாது.

மூக்குக் குழாய் உணவு ஒரு தடவைக்கு 200 முதல் 250 மில்லிலீற்றர், 3 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவில் இடைவெளி விடலாம். உங்கள் உணவுக் குறிப்பு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடிந்து ஒரு மணித்தியாலம் அப்படியே இருக்க வேண்டும். உடனே படுக்க வைத்தால் உணவு நெஞ்சுக்குள் ஏறி நியூமோனியாவாகும். வீட்டு நோயாளிகள் திரும்பத் திரும்ப வார்ட்டுக்குப் போவதற்கு இது பெரிய காரணம். டின் பால்மாவைத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை. கஞ்சி, பருப்பு, அவித்த மீன் எல்லாம் நன்றாக அரைத்து வடித்துக் கொடுக்கலாம், ஆனால் வடிகட்டியின் கண் மிக நெருக்கமாக இருக்க வேண்டும். ஒரு மீன் முள் போதும் குழாய் அடைக்க. ஒவ்வொரு தடவையும் முடிவில் 30 மில்லிலீற்றர் கொதித்தாறிய நீர் விட்டுக் கழுவுங்கள். பிசுபிசுப்பு தங்கினால் குழாயை எடுத்துப் போட ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அந்த வாகனச் செலவும் உங்கள் கணக்கில்தான் வரும்.

படுக்கைப்புண் ஒன்று வந்துவிட்டால் மருந்துக் கட்டு, சுத்தம் செய்ய ஆள், காய்ச்சல், வார்ட் என்று மாதச் செலவே தலைகீழாகும். ஆகவே 2 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். முழுப் பக்கமாகச் சரிக்க வேண்டாம், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 பாகை சரித்தாலே போதும், இடுப்பெலும்பு முனையில் பாரம் விழாது. குதிக்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறார்கள், அது பிழை. கெண்டைக்காலின் கீழ் வைத்து, குதிக்காலுக்கும் விரிப்புக்கும் இடையில் ஒரு தாள் ஓடுமளவு இடைவெளி விடுங்கள். காற்று மெத்தை போட்டிருந்தாலும் புரட்டுவதை நிறுத்தக் கூடாது. மின்சாரம் நின்றால் சில மெத்தைகள் காற்று இறங்கி வெறும் பலகையில் படுத்த மாதிரி ஆகிவிடும், வாங்கும்போது காற்றைப் பிடித்து வைக்கும் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆள் கூலிதான் பட்டியலில் பெரிய வரி. முழுநேர ஆள் வைக்க முன், உங்கள் வீட்டில் எந்த நேரத்துக்கு ஆள் இல்லை என்று எழுதுங்கள். பெரும்பாலும் காலையில் குளிப்பாட்டித் துடைக்க 2 மணித்தியாலமும் அம்மா தூங்க ஒரு மதியமும்தான் வேண்டும். 66 வயது அம்மா தனியாகத் தூக்கினால் அடுத்து அவருக்கு நாரி போகும், அந்தச் செலவை யாரும் கணக்கில் போடுவதில்லை. அடியில் விரித்த பெட்சீற்றை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து இழுத்து நகர்த்துங்கள், கக்கத்தில் பிடித்துத் தூக்காதீர்கள். விழுந்த பக்கத்துத் தோள்மூட்டு கழன்றுவிடும்.

வைப்புக்கு ஒரு மாதிரிக் கணக்கு. வட்டி வருடம் 8 வீதம் என்றும் மாதம் 40,000 ரூபா, அதாவது வருடம் 4.8 இலட்சம் எடுக்கிறீர்கள் என்றும் வைப்போம். 20 இலட்சம் முதல் வருட முடிவில் 16.8, பிறகு 13.3, 9.6, 5.6, 1.2 என்று இறங்கும். ஐந்து வருடம் சற்றுத் தாண்டும். ஆனால் செலவு வருடம் 10 வீதம் ஏறினால் நான்காம் வருட முடிவில் 2.3 இலட்சம்தான் மிஞ்சும், ஐந்தாம் வருடம் நடுவழியில் நின்றுவிடும். இரண்டாவது கணக்கைத்தான் நான் நம்புவேன். அண்ணா அனுப்பும் காசை ‘இடைக்கிடை’ என்று விடாமல் ஒரு குறித்த தொகையாக, குறித்த திகதியில் வருவதாக இப்போதே பேசி முடியுங்கள். மாதம் 15,000 வந்தாலே வைப்பில் இருந்து எடுப்பது 25,000 ஆகும், காலம் ஏறத்தாழ இரட்டிக்கும்.

உப்புவெளி_வடக்கு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அக்கா, குதிக்கால் விசயம் இன்றே மாற்றிவிட்டோம். வீட்டு உறுதி பற்றி யாராவது சொல்லுங்கள். தன் பெயருக்குப் பாதி எழுதினால் மாதாமாதம் ஒழுங்காக அனுப்புவேன் என்று அண்ணா சொல்கிறார். அப்பாவின் வைப்பை யார் கையாள்வது என்பதும் குழப்பமாக இருக்கிறது.

டைக்வீதி எழுதியது:

உதவி கிடைக்கும் என்பதற்காக வீட்டை எழுத வேண்டாம். அஸ்வெசும வீட்டில் வசிக்கும் குடும்பத்தின் நிலையைப் பார்க்கிறது. உறுதி உங்கள் பெயருக்கு மாறினாலும் நீங்களும் அதே குடும்பம்தானே, புள்ளி அசையாது. அம்மாவின் பிடிமானம் மட்டும்தான் போகும். வெளிநாட்டுச் சட்டங்களில் சொத்தை மாற்றி எழுதிவிட்டு உதவி எடுக்கும் கதைகளைக் கேட்டு இங்கே செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நம் நாட்டுத் திட்டம் அந்த அமைப்பிலேயே இல்லை.

எழுதியே ஆக வேண்டும் என்றால் நன்கொடை உறுதியில் அம்மாவின் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமை) வெளிப்படையாக ஒதுக்கி எழுதுங்கள். அப்பா உறுதியில் இல்லாதபடியால் அவருடைய சீவிய உரித்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். பலர் தாயை மட்டும் எழுதி, தாய் முதலில் போனால் தகப்பனுக்கு அந்த வீட்டில் எழுத்தில் ஒன்றுமில்லை என்ற நிலையில் நிற்கிறார்கள். இரத்துச் செய்யும் அதிகாரத்தை ஒதுக்கியும் எழுதலாம். ‘மீளப்பெற முடியாதது’ என்று எழுதிய நன்கொடையை, வாங்கியவர் பாரிய நன்றிகெட்ட நடத்தை காட்டினார் என்று 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் இரத்துச் செய்யக் கேட்கலாம். ஆனால் அது வழக்கு. வருடங்கள் ஓடும், பெற்றோருக்கு அந்த வயதும் காசும் இருக்காது. என் அபிப்பிராயம், அம்மா உயிருடன் இருக்கும்வரை உறுதி அவர் பெயரிலேயே இருக்கட்டும், யாருக்கு என்ன என்பதை மரணசாசனத்தில் எழுதி வைக்கட்டும். மரணசாசனத்தை அவர் நினைத்த நேரம் மாற்றலாம். அண்ணாவுக்குரிய பங்கையும் அதிலேயே எழுதிக் காட்டலாம்.

அப்பாவுக்கு இப்போது நினைவு தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வைப்பை யார் கையாள்வது என்பதுதான் அவசரம், வீட்டு உறுதியைவிட. அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம், கொடுப்பவருடைய புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் செல்லும். அடுத்த தாக்கத்தில் நினைவு போனால் அந்தத் தத்துவமும் செயலிழக்கும், பிறகு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்ப் பொறுப்பாளர் நியமிக்கச் சொல்ல வேண்டும். ஆகவே அதை மட்டும் நம்பாமல், வங்கி முகாமையாளரிடம் பேசி வைப்பை அப்பாவும் அம்மாவும் கூட்டாக, ‘இருவரில் எவரும் அல்லது எஞ்சியவர்’ என்ற நிபந்தனையில் மாற்றுங்கள். நோயாளி வர முடியாவிட்டால் வங்கியில் இருந்து வீட்டுக்கு வந்து கையெழுத்து எடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அன்றைய திகதியில் ‘சுயபுத்தியுடன் இருக்கிறார்’ என்று டொக்டரின் கடிதம் ஒன்று எடுத்து வைத்தால் பின்னால் சகோதரங்களுக்குள் பிரச்சினை வராது.

அண்ணா அனுப்பாவிட்டால் என்ன வழி என்று கேட்பீர்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ், தம்மைப் பராமரிக்க இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் இருந்து மாதக் கொடுப்பனவு கோரிப் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மூலம் முதலில் சமரசம் பேசலாம். வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம் கட்டளையைச் செயற்படுத்துவது கடினம்தான். மேலும் அது அப்பா அல்லது அம்மாவின் கோரிக்கை, உங்களுடையது அல்ல. அந்த இடத்துக்குப் போக விடாமல் தொகையை இப்போதே பேசி முடிப்பதுதான் நல்லது.

சீனக்குடா_குமார் எழுதியது:

வைப்புப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அக்கா சொன்ன கணக்கில் வட்டி முழுதாகக் கைக்கு வரும் என்று எடுத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் பிடித்துவைக்கும் வரி 5 வீதத்தில் இருந்து 10 ஆகிவிட்டது. அப்பாவின் முழு வருமானமும் வருடத்துக்கு 18 இலட்சத்துக்குக் குறைவு என்பதால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து வரி பிடிக்காமல் செய்யலாம். கூட்டு வைப்பாக மாற்றினால் படிவத்தைப் புதிதாகக் கொடுக்க வேண்டி வரும், மாற்றுகிற அன்றே கேட்டுவிடுங்கள்.

அதோடு 2025 யூலையில் இருந்து 60 வயது கடந்தவர்களின் ஓராண்டு வைப்புக்கு, 10 இலட்சம் வரை, வழமையான வட்டியைவிட 3 வீதம் கூட்டிக் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. 20 இலட்சமும் ஒரே துண்டாக, ஒரே பெயரில் கிடந்தால் பாதிக்கு அது கிடைக்காது. அப்பா, அம்மா இருவரும் 60 கடந்தவர்கள். டைக்வீதி சொன்ன கூட்டுக் கணக்கு முறையோடு இது எப்படிப் பொருந்தும் என்று வங்கியில் கேட்ட பிறகு பிரியுங்கள், முதலில் மாற்றிவிட்டுக் கேட்காதீர்கள்.

முழுவதையும் ஓராண்டில் பூட்டவும் வேண்டாம். ஒரு மூன்று மாதச் செலவைச் சேமிப்புக் கணக்கில் விடுங்கள். மிச்சத்தில் 5 இலட்சம் அளவில் சிறு வைப்புகளாக, முதிர்வுத் திகதி மூன்று மாத இடைவெளியில் வரும்படி போட்டால், திடீரென வார்ட் செலவு வந்து உடைக்க நேர்ந்தாலும் அந்த ஒரு துண்டின் வட்டிதான் போகும்.

அப்பா ஈ.பி.எஃப். எடுத்தது சரி, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) எடுத்தாரா? அது வேறு நிதியம், முதலாளி மாதம் 3 வீதம் கட்டியது, அதற்குத் தனி விண்ணப்பம். ஈ.பி.எஃப். வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பழைய வேலைக் கடிதத்தையும் அடையாள அட்டையையும் அங்கத்தவர் இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். அவர் இரண்டு, மூன்று கம்பனிகளில் இருந்தவர் என்றால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும், அங்கத்தவர் இலக்கம் கம்பனிக்குக் கம்பனி மாறியிருக்கும்.